எட்டுப் பேர் கதிரை

குருக்கள்மடத்துத் துறையில் நிற்கிறேன்.
எங்கள் பக்கத்தில் இந்த மிதவைக்குப் பெயரே பாதை.
நாம் நிற்போம், பாதை நகரும்.
சுவிசில் பதினொரு மாரி நான் பார்த்த வேலையும்
ஏறக்குறைய அதுதான்.

நல்லரெத்தினம் மோட்டார்சைக்கிள்களை நெருக்கி ஏற்றியபடி கேட்கிறான்:
"என்னகா வேலை அங்க?"
கதிரை பிடிக்கிற வேலை.
"கதிரையா?"
இரும்புக் கம்பியில் தொங்கி வரும் கதிரை.
சனத்தின் முழங்காலுக்குப் பின்னால் வந்து இடிக்கும்,
இடிக்காமல் நான் பிடித்துக் கொடுக்கவேண்டும்.
குந்துவார்கள். மலைக்குப் போகும்.
"மறுகா?"
மறுகா பனியில் சறுக்கிக் கீழே வருவார்கள்.
"மறுகா?"
மறுகா திரும்ப ஏறுவார்கள்.

இயந்திரக் கயிற்றை மூன்று தரம் இழுத்தான்.
புகை எழுந்து வாவியில் படுத்தது.
"சரிவு எப்பிடி, உன்னிச்சைக் குளக்கட்டு மாதிரியோ?"
அந்த மாதிரி நூறை ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கு.
"ஏறக் காசு. இறங்க?"
இறங்கக் காசில்லை.
"நாங்க ரெண்டுக்கும் எடுக்கிறம்."

பழைய கதிரையில் இரண்டு பேர்.
உச்சிக்குப் பன்னிரண்டு நிமிடம்.
ஒரு சண்டை தொடங்கி, அழுது, மூக்கைச் சிந்தி,
கையுறைக்குள் கை தேடுவதற்கு
அது காணும்.
புதியது லொறி லொறியாக வந்தது:
எட்டுப் பேர், சுடும் இருக்கை, தலைக்கு மேல் கண்ணாடி மூடி,
நான்கு நிமிடம்.
சண்டைகள் பாதியிலேயே மலையிறங்கத் தொடங்கின.
கதிரை தானே மெதுவாகி, தானே சனத்தை அள்ளி,
தானே பறந்தது.
எனக்கு ஒரு பச்சைப் பொத்தானும் ஒரு சிவப்புப் பொத்தானும் தந்து
கூண்டுக்குள் இருத்தினார்கள்.

வரிசை ஒழிந்தது என்று முதலாளி கேக் வெட்டினார்.
எங்கே ஒழிந்தது?
அது சரிவுக்கு இடம் மாறியிருந்தது.
ஒருவர் முதுகை ஒருவர் உரசிக்கொண்டு இறங்கினார்கள்.
பத்து மணிக்குள் ஆறு தரம் இறங்கியவர்கள்
பதினொரு மணிக்குத் தொடை நடுங்கக்
கோப்பிக் கடையில் இருந்தார்கள்.
மலை முடிந்துபோனது போல ஒரு முகம்.

இனிச் சொல்வதை நல்லரெத்தினத்துக்குச் சொல்லவில்லை.

பழைய கம்பியின் கடைசிப் பின்னேரம், சித்திரை மாதம்.
பிள்ளைகள் பழகும் சரிவைத் தாண்டாதவள் நான்.
"ஏறு" என்றான் மெக்கானிக் உர்ஸ்.
அன்று எனக்கு அவன் கதிரை பிடித்தான்.
பன்னிரண்டு நிமிடமும் பக்கத்து இருக்கை காலி.

முதல் வளைவில் பயம் இருந்தது.
இரண்டாவதில் நான் இருந்தேன்.
மூன்றாவதில் இரண்டு பேரும் இல்லை.
கட்டைக்குக் கீழே திருவலையில் தேங்காய் உரசும் சத்தம்.
சட்டைக் கைகள் தகரத்தில் விழும் மாரி மழை.
அழாமலே வந்த கண்ணீர் காதுக்குள் ஓடியது.
முகாமில் பதிந்த இலக்கம், வதிவிட அட்டை,
சீட்டுக் காசுக்கு அக்கா எடுக்கும் தொலைபேசி,
ஒன்றாலும் அந்த வேகத்துக்கு
ஓடிவர முடியவில்லை.

நாற்பது வினாடி.
நாற்பத்தோராவதில் வலது முழங்கால்.

உள்ளே இரண்டு திருகாணி. கட்டுநாயக்காவில் கத்தின.
பெண் பொலிஸ் தடவிப் பார்த்து, என்ன இது என்றாள்.
விழுந்தது என்றேன்.
பறந்தது என்று சொல்ல சிங்களம் போதவில்லை.
தமிழும்தான்.

எழுவான்கரை பின்னால் சிறுத்துவிட்டது.
ஒரு சாண் மேடு இல்லாத தண்ணீர்.
"பாலம் வரப்போகுதாம்" என்கிறான்,
"அளந்துட்டுப் போறாங்க. ரெண்டு நிமிசமாம்.
மறுகா நான் என்னத்தப் பிடிக்கிற?"
"ரெண்டு பொத்தான் தருவாங்க" என்றேன்.
பகிடி என்று நினைத்துத்தான் சொன்னேன்.
அவன் அம்பிளாந்துறைப் பக்கமே பார்த்துக்கொண்டு நின்றான்.

பாதை கரையில் இடிக்குமுன்
முழங்கால்கள் தாமாக மடிந்தன, திருகாணி உட்பட.
மோட்டார்சைக்கிள்கள் எல்லாம் ஒரே மூச்சில் உறுமி
பலகையில் பாய்ந்து போயின.
நான் கடைசியாக நடந்து,
இறங்குவதற்கும் காசு கொடுத்தேன்.